குறுக்கே கிடந்த மகவும் சுமைதாங்கிக் கல்லும்



வரலாறு என்று சொன்னவுடன் நம் நினைவுக்கு வருவன கோட்டைகளும் போர்க்களங்களும் கல்வெட்டுகளுமே. அரசர் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அவ்வரசரைப் பெற்ற தாய் எத்தனை பொழுது வலியில் கிடந்தாள், அவளருகில் இருந்த மருத்துவச்சி யார், அவள் கைகள் என்ன செய்தன என்பவற்றைப் பாடநூல்கள் சொல்வதில்லை. மகப்பேறு வீட்டின் பின்கட்டில், ஆடவர் கால் வைக்காத அறையில் நிகழ்ந்தது. அதனால் அதன் வரலாறும் பின்கட்டிலேயே தங்கிவிட்டது. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை இன்று காண்போம். கருப்பையில் குழந்தை தலை கீழ்நோக்கி அமையாமல் மாறிக் கிடந்து, தான் வெளிவரும் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும் துன்பமே அப்பகுதி.

இக்கதையைச் சொல்ல நல்லேப்பிள்ளி என்னும் ஊரை நிலைக்களனாகக் கொள்கிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில் உள்ளது அவ்வூர். மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே விலகி நின்று கொங்கு நாட்டுக்கும் மலையாள நாட்டுக்கும் வாயில் திறந்துவிடும் பாலக்காட்டுக் கணவாயில் அமைந்தது. சோகநாசினி என்று மக்கள் போற்றும் ஆறு அவ்வட்டாரத்து வயல்களை வளமாக்குகிறது. அதன் கரையில் சித்தூரில் எழுத்தச்சன் குருமடம் இருக்கிறது. தமிழும் மலையாளமும் அங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்ணைத் தமிழர் மருத்துவச்சி என்பர். மலையாளிகள் வயற்றாட்டி என்பர். பெயர் இரண்டாயினும் தொழிலும் அதன் துயரமும் ஒன்றே.

அரசியல் வரைபடத்திலும் அவ்விடம் விந்தையானது. சித்தூர்ப் பகுதி கொச்சி அரசருடையது. அதைச் சூழ்ந்து கிடந்த மலபார் மாவட்டமும் கோயம்புத்தூர் மாவட்டமும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. தெற்கே தேவிகுளம், பீர்மேடு மலைகள் திருவிதாங்கூர் அரசில் இருந்தன. 1949 ஜூலை 1-இல் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன; 1956 நவம்பர் 1-இல் மலபாரும் சேர்ந்து கேரளம் பிறந்தது. அதுவரை, சில கல் தொலைவுக்குள் சட்டமும் மருத்துவமனையும் நிருவாகமும் வேறுவேறாக இருந்தன. ஒரே வட்டாரத்துப் பெண்களுக்கு அரசு தரும் உதவி, அவர்கள் எல்லைக்கோட்டின் எப்பக்கம் வாழ்க்கைப்பட்டார்கள் என்பதைப் பொறுத்திருந்தது.

முதலில் இத்துன்பத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். நிறைமாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட குழந்தைகள் தலை கீழாகவே அமைகின்றன. நூற்றில் மூன்று நான்கு, புட்டமோ காலோ முன்வருமாறு இருக்கும். சில நூறு பேற்றில் ஒன்றில்தான் குழந்தை கருப்பைக்குக் குறுக்கே கிடக்கும். இவையன்றி, தலை கீழே இருந்தும் முகமோ நெற்றியோ முன்வந்து முட்டுவதும் உண்டு. பல பிள்ளை பெற்றுத் தளர்ந்த வயிறு, குறுகிய இடுப்பெலும்பு, இரட்டைக் கரு, பனிக்குடத்து நீரின் மிகுதி, நச்சுக்கொடி கீழிறங்கி வாயிலை மறித்தல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். காரணமே புலப்படாமல் நேர்வதும் உண்டு. தாய் செய்த பிழை எதுவும் இதில் இல்லை.

கால் முன்வரும் குழந்தை தேர்ந்த கைகளில் பிழைக்கலாம். அத்தகைய பிள்ளைகள் பிழைத்து வளர்ந்ததனால்தான், காலால் பிறந்தவன் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு நீங்கும் என்ற நம்பிக்கையும் நம் ஊர்களில் வளர்ந்தது. குறுக்கே கிடக்கும் நிறைமாதக் குழந்தையோ தானாகப் பிறத்தல் அரிது. பனிக்குடம் உடைந்ததும் தோள் கீழே இறங்கி அடைத்துக்கொள்ளும். ஒரு கை மட்டும் வெளியே வந்துவிடும். கருப்பை தடையை வெல்ல மேலும் மேலும் இறுகும். அதன் மேற்பகுதி தடிக்கும்; கீழ்ப்பகுதி காகிதம்போல் மெலியும். இரண்டுக்கும் இடையே வயிற்றின்மேல் ஒரு வரம்பு புடைத்து நிற்கும். 1875-இல் லுட்விக் பாண்டில் என்ற மருத்துவர் அதை விளக்கி எழுதியதால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அவ்வரம்பு மேலேறினால் கருப்பை கிழியப்போகிறது என்பது பொருள். தலைச்சன் பேற்றில் கருப்பை களைத்து ஓய்ந்துவிடக் கூடும். பல பிள்ளை பெற்றவளுக்கோ அது ஓயாது இறுகிக் கிழிந்துவிடும். முன்பு எளிதாகப் பெற்றவள்தானே என்று வீட்டார் கவலையற்றிருக்கும் பெண்ணுக்கே பேரிடர் மிகுதி.

உயிர் தப்பியவர்களிலும் சிலருக்கு வேறொரு துன்பம் காத்திருந்தது. அடைபட்ட குழந்தையின் தலை நெடுநேரம் அழுத்தியதால் சிறுநீர்ப்பையின் சுவர் நைந்து துளைபடும். குழந்தையை இழந்த பெண், சிறுநீர் ஓயாது கசியும் உடலோடு, கணவன் வீட்டிலும் கோயிலிலும் ஒதுக்கப்பட்டு வாழ்ந்தாள். 1840-களில் அமெரிக்காவின் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் இத்துளையைத் தைக்கும் முறையைக் கண்டார். அனார்ச்சா, லூசி, பெட்சி முதலிய அடிமைப் பெண்களை, மயக்க மருந்தின்றி, மீண்டும் மீண்டும் அறுத்தே அவர் அதைக் கற்றார். பிறர் நலம் பெற்ற வழியில் இப்பெண்களின் வேதனை புதைந்திருக்கிறது என்பதை மறத்தல் தகாது.

நம் மக்கள் இம்மரணங்களை மறந்தார்களா? இல்லை. தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். நட்ட இரண்டு கற்களின்மேல் கிடத்திய ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றித் தோளுயரத்தில் சுமையை இறக்கி இளைப்பாற உதவுவது. மலையாள நாட்டில் இதனை அத்தாணி என்பர். அத்தாணி என்றே பெயர்கொண்ட ஊர்கள் அங்கு உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் இறந்தால், அவள் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழர் வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு சென்றவள் அவள். வழிப்போக்கன் தன் சுமையை அக்கல்லில் இறக்கும்போதெல்லாம் அவள் ஆன்மாவின் பாரமும் சற்றே இறங்கும் என்று நம்பினர். சிலவற்றில் பெண்ணின் பெயர் இருக்கும். பலவற்றில் ஒன்றும் இராது.

நம்மில் பலர் தில்லியிலும் ஆக்ராவிலும் வாழ்கிறோம். ஊரிலிருந்து வந்த உறவினரைத் தாஜ்மகாலுக்கு அழைத்துச் செல்லாதவர் அரியர். அந்த வெண்பளிங்கு மாளிகை யாருக்காக எழுந்தது? 1631-இல் புர்ஹான்பூரில், தம் பதினான்காம் மகவைப் பெறுகையில், நெடிய வலிக்குப் பின் உயிர்நீத்த மும்தாஜ் மகாலுக்காக. பேரரசரின் மருத்துவர்களும் செல்வமும் அவரைக் காக்க இயலவில்லை. 1817-இல் இங்கிலாந்து இளவரசி சார்லட், ஐம்பது மணி நேர வலிக்குப் பின் இறந்த மகவை ஈன்று சில மணி நேரத்தில் தாமும் இறந்தார். அருகிலிருந்த மருத்துவர் ரிச்சர்டு கிராப்ட் இயற்கையை நம்பி, ஆயுதம் கொண்டு குழந்தையை எடுக்கத் தயங்கிக் காத்திருந்தார். நாட்டின் பழி தம்மேல் விழ, மறு ஆண்டு அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். தாஜ்மகாலும் சாலையோரச் சுமைதாங்கியும் ஒரே துயரத்தின் இரு நினைவுச் சின்னங்கள் எனலாம்.

அப்படியானால் இதற்குரிய மருத்துவ அறிவே அக்காலத்தில் இல்லையோ என்று ஐயுறலாம். வியப்பு அங்கேதான் இருக்கிறது. சுசுருத சம்ஹிதை இதனை மூடகர்ப்பம் என்ற பெயரில் தனி அதிகாரமாகவே விரித்துரைக்கிறது. வழியில் அறைந்த முளைபோல் அடைப்பது, கைகால்களும் தலையும் வெளிவர உடல் சிக்கிக்கொள்வது, ஒரு கையும் தலையும் மட்டும் வருவது, கதவின் குறுக்கே இட்ட கணையமரம்போல் குறுக்காகக் கிடப்பது என அது வகைப்படுத்துகிறது. குறுக்கே கிடக்கும் மகவின் பின்பாதியை மேலே தள்ளி, முன்பாதியை வழிக்கு நேராகக் கொணர்ந்து எடுக்க வேண்டும் என்று கைவேலையையும் சொல்கிறது. உயிருள்ள மகவை எவ்வகையிலும் ஆயுதத்தால் பிளத்தல் கூடாது என்று விலக்குகிறது. இறந்த மகவை அறுத்தெடுக்க நேரின், முனை மழுங்கி வட்டமான கத்தியையே கொள்க, கூரிய முனையுள்ள கத்தி தாயைப் புண்படுத்தக்கூடும் என்கிறது. இதனினும் கடினமான சிகிச்சை வேறில்லை. எனவே தலைவனிடம் கேட்டு இசைவு பெற்றுப் பெருமுயற்சியோடு தொடங்குக என்றும் அறிவுறுத்துகிறது. எழுதியவர் இத்தகைய பேற்றைத் தம் கையால் பார்த்தவர் என்பதில் ஐயமில்லை.

அவ்வறிவு பாலக்காட்டுப் பக்கம் வராமலும் இல்லை. கேரளத்தின் அஷ்டவைத்தியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற நூல் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம். அதன் சாரீரஸ்தானத்தில் மூடகர்ப்பம் விளக்கப்பட்டிருக்கிறது. பாலக்காடு மாவட்டத்து மேழத்தூரில் உள்ள வைத்தியமடம் அக்குடும்பங்களுள் ஒன்று. ஆயினும் நூலை ஓதியவர் ஆடவர். பேற்றறைக்குள் இருந்தவள் பெண். நூல் வடமொழியில் இருந்தது. அவளோ பெரும்பாலும் எழுத்தறியாதவள். நாவிதர் குலம் முதலிய, சமுதாயம் தாழ்த்திவைத்த குடியினள். பேற்றுத் தீட்டைத் தொடுபவள் என்று ஒதுக்கப்பட்டவள். ஓதியவர் தொடவில்லை, தொட்டவளுக்கு ஓதுவிக்கவில்லை. அறுவை முறைகளும் காலப்போக்கில் வைத்தியர் கைவிட்டு அகன்றன.

மருத்துவச்சியை அறியாமையின் உருவமாகக் காட்டுவது பிற்கால எழுத்தாளர் பலரின் வழக்கம். அது நேர்மையன்று. நூற்றில் தொண்ணூறு பேற்றுக்கு மேல் அவள் பொறுமையும் அனுபவமும் போதுமானவையாக இருந்தன. வயிற்றைத் தடவியே தலை எங்கே இருக்கிறது என்று சொல்லவல்ல முதியவர்கள் இருந்தனர். அவள் கை ஓய்ந்த இடத்தில், அவளைவிட அறிந்த ஒருவர் வந்து நிற்க வழியில்லை என்பதே குறை. அவ்வேளையில் அவள் வயிற்றை மேலிருந்து அழுத்தினாள். வெளிவந்த கையைப் பிடித்து இழுத்தாள். அந்த இரண்டும் கேட்டையே விரைவாக்கின. வெட்டாத நகமும் கழுவாத கையும் காய்ச்சலைச் சேர்த்தன. வீட்டில் பூட்டிய பூட்டுகளைத் திறந்துவைப்பதும் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதும் அன்றி உறவினருக்குச் செய்யத் தெரிந்தது வேறில்லை.

காலம் தாழ்த்தலே பேற்றில் கொடிய பகை என்பதை நம் புராணக் கதைகளும் உணர்ந்திருந்தன. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் தலபுராணத்தில், காவிரி வெள்ளத்தால் தாய் அக்கரையில் நின்றுவிட, பேற்றுவலியில் தவித்த இரத்தினாவதிக்கு இறைவனே தாய் வடிவில் வந்து உதவினார் என்பர். பெரியபுராணத்துக் கோச்செங்கட் சோழர் வரலாற்றில், நல்ல நாழிகைக்காகப் பேற்றைத் தாழ்த்தும்படி தம்மைத் தலைகீழாகக் கட்டச் செய்த கமலவதி, மகன் முகத்தைக் கண்டவுடன் உயிர்விட்டார். முன்னதில் ஆற்றைக் கடக்க முடியாமை. பின்னதில் மனிதர் வேண்டுமென்றே செய்த காலத்தாழ்வு. இவ்விரண்டையும் நாம் மீண்டும் சந்திப்போம்.

மேனாட்டிலும் அறிவு எளிதில் பரவவில்லை. குறுக்கே கிடக்கும் மகவின் காலைப் பற்றித் திருப்பி எடுக்கும் பழைய முறையைப் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் ஆம்புருவாஸ் பாரே மீட்டெடுத்து எழுதினார். தலையைப் பற்றி எடுக்கும் இடுக்கிக் கருவியை, நம்மூரில் ஆயுதம் என்று சொல்வதை, இங்கிலாந்தில் குடியேறிய சேம்பர்லென் குடும்பத்தார் கண்டனர். கண்டவர்கள் அதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குடும்ப இரகசியமாக மறைத்து வாணிகம் செய்தனர். 1813-இல் எசெக்ஸ் வட்டாரத்து வீடொன்றின் தரைப்பலகைக்கு அடியிலிருந்து அவர்களுடைய கருவிகள் வெளிப்பட்டன. எத்தனை தாய்மார் அந்த நூறாண்டில் இறந்திருப்பர் என்று எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. அறிவை ஒளித்து வைப்பதில் கீழ்த்திசை, மேல்திசை என்ற வேறுபாடு இல்லை போலும்!

இனி நம் தென்னாட்டுக்கு வருவோம். 1844-இல் சென்னையில் பிள்ளைப்பேற்று மருத்துவமனை தோன்றியது; 1882-இல் அது எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. பாரிஸ்டர் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரைக் காணமாட்டாமல் பேற்றில் வாடும் பெண்களின் நிலையைக் கேள்வியுற்றார். முதலில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். பின்பு 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வேறு மூன்று பெண்களோடு சேர்ந்து படித்தார். இலண்டன் சென்று உயர்பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் கோஷாப் பெண்களுக்கென மருத்துவமனை அமைத்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயர் தாங்கி நிற்பது அதுவே.

1890-களில் திண்டிவனத்தில் நடந்ததும் பலர் அறிந்ததே. மிஷன் மருத்துவரின் மகளான இளம்பெண் ஐடா ஸ்கட்டரிடம் ஒரே இரவில் மூவர் வந்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு சாதி இந்து. மூவர் மனைவியரும் கடினப் பேற்றில் கிடந்தனர். மருத்துவரான தந்தை வர ஆயத்தமாக இருந்தார். ஆடவர் தொடுதல் ஆகாது என்று மூவரும் மறுத்துவிட்டனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பிய ஐடா, வேலூரில் 1902-இல் மருத்துவமனையையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். மருத்துவர் அண்டை வீட்டில் இருந்தும் அந்த மூவருக்கும் கடக்க முடியாதிருந்தது வீட்டு வாசற்படிதான்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு மற்றொரு பெயரையும் சொல்லாமல் கடக்க மனமில்லை. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் 1873 வரை சில இடைவெளியோடு பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மோன்செல் என்பார் எழுதிய ஆங்கில நூலைத் தழுவிய பிரசவ வைத்திய நூல் 1857-இல் தமிழில் வெளிவந்தது. குழந்தையின் கிடைகளையும் அவற்றை அறியும் குறிகளையும் தமிழெழுத்தில் படிக்க முடியும் என்பது அன்று சிறு செய்தியன்று. வடமொழிச் சுவடியிலும் ஆங்கிலப் புத்தகத்திலும் இருந்த அறிவு, பேற்றறையின் மொழிக்கு ஒரு படி அருகில் வந்தது. கலைச்சொல் ஆக்கம் என்பது அகராதியோடு முடிவதன்று. உரிய நேரத்தில் உரிய சொல் தெரிந்திருப்பது ஓர் உயிரைக் காக்கும்.

கேரளத்தில் அந்தப் படியைக் கடந்தவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். அறிவியல் வகுப்பில் பெண்ணுக்கு இடம் மறுக்கப்பட்டதால் வரலாறு பயின்று பட்டம் பெற்றவர். பின் இலண்டனில் மருத்துவம் பயின்று 1916-இல் திருவனந்தபுரம் தைக்காட்டு மருத்துவமனையில் பொறுப்பேற்றார். 1920-இல் அவர் செய்ததே கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவை என்பர். அதனினும் பெரிது அவருடைய வேறொரு செயல். பரம்பரை மருத்துவச்சிகளைப் பகைக்காமல் அவர்தம் மக்களையே அழைத்துப் பேற்றுப் பயிற்சி அளித்தார். தொட்ட கைக்கு ஓதுவித்தார். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலானார். 1975-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, மறு ஆண்டு மறைந்தார்.

சென்னை மாகாணத்தில் 1926-இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. பயிற்சி பெற்றோரைப் பதிவு செய்யும் முறை வந்தது. மலபாரும் கோயம்புத்தூரும் அதற்கு உட்பட்டவை. இடையே கொச்சி ஆட்சியில் இருந்த நல்லேப்பிள்ளி அதற்கு வெளியே நின்றது. சட்டம் சென்ற ஊர்களிலும் அது உடனே பேற்றறைக்குள் புகுந்துவிடவில்லை. 1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ இருபது தாய்மார் இறப்பதாகவும், அவ்வகையில் ஆண்டுதோறும் இந்நாடு இரண்டு இலட்சம் பெண்களை இழப்பதாகவும் மதிப்பிட்டது. எழும்பூரில் பணியாற்றிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவில் ஓர் உறுப்பினர். அவரும் டாக்டர் கிருஷ்ண மேனனும் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூலைப் படித்தே இந்திய மருத்துவர் பல தலைமுறையினர் தேர்ந்தனர்.

சிசேரியன் அறுவை அச்சம் தராததானது அண்மைக் காலத்தில்தான். 1882-இல் மாக்ஸ் சேங்கர் கருப்பையின் வெட்டை முறையாகத் தைத்து மூடக் கற்பித்தார். நுண்ணுயிர்த் தூய்மை, மயக்க மருந்து, இரத்தம் ஏற்றுதல், பென்சிலின் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த பின்னரே தாயையும் சேயையும் ஒருங்கே காக்கும் நம்பிக்கை பிறந்தது. ஆயினும் அறுவைக்கூடம் நகரத்தில், பெண் கிராமத்தில். அவளை எப்போது அனுப்புவது என்பதை யார் அறிவது?

அதற்கு விடை தந்தது ஒரு தாள். 1972-இல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜிம்பாப்வேயில், பில்பாட், காசில் என்னும் மருத்துவர்கள் பேற்றின் போக்கை நேரத்தோடு குறிக்கும் வரைபடத்தில் இரண்டு கோடுகளைச் சேர்த்தனர். முதற்கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கை. நான்கு மணி நேரம் தள்ளியுள்ள இரண்டாம் கோட்டைத் தாண்டினால் உடனே செயற்பட வேண்டும். மருத்துவர் இல்லாத சிற்றூர் நிலையத்தில் பணியாற்றும் செவிலியே இதைப் பார்த்து வண்டிக்குச் சொல்லிவிடலாம். உலக நலவாழ்வு நிறுவனம் இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா நாடுகளில் முப்பத்தைந்தாயிரம் பெண்களிடம் இதனைச் சோதித்தது. நெடும்பேறு நூற்றுக்கு 6.4-இலிருந்து 3.4-ஆகக் குறைந்தது என்று 1994-இல் அறிவித்தது. 2020-இல் புதிய ஆய்வுகளுக்கு ஏற்ப அவ்வரைபடமும் திருத்தப்பட்டது. சாவின் நுழைவாயிலில் நிற்கும் காலத்தைப் பென்சில் கோட்டால் அளக்க முடிந்தது பெரும் புரட்சியே.

அதே 1994-இல் தாடியஸ், மேயின் என்னும் இரு ஆய்வாளர் தாய்மார் இறப்புக்குக் காரணமான மூன்று தாமதங்களை எடுத்துரைத்தனர்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் உதவி பெறுவதில் தாமதம். திண்டிவனத்து மூன்று வீடுகளில் முதல் தாமதமும், காவிரிக் கரையில் இரண்டாம் தாமதமும், இளவரசி சார்லட்டின் அரண்மனையில் மூன்றாம் தாமதமும் நிகழ்ந்தன என்று நாம் பொருத்திப் பார்க்கலாம். மலையூர்களில் நோயாளியைக் கம்பளித் தூளியில் கட்டிக் கழியில் தூக்கி இறங்கும் காட்சி இன்னும் முற்றிலும் மறையவில்லை. இடுக்கி மலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை உரிமையாக்கியதன் அருமை, அக்காட்சியைக் கண்டவர்க்கே புரியும்.

இன்று நிலை எவ்வளவோ மாறியிருக்கிறது. 2018–20-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இலட்சம் உயிர்ப்பிறப்புக்குக் கேரளத்தில் பத்தொன்பது தாய்மாரும், தமிழ்நாட்டில் ஐம்பத்து நால்வரும், இந்தியா முழுவதிலும் தொண்ணூற்று எழுவரும் இறந்தனர். போர் குழு சொன்ன இருபதை இலட்சத்துக்குக் கணக்கிட்டால் இரண்டாயிரம் ஆகும். கேரளத்தில் ஏறத்தாழ எல்லாப் பேறும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. கேரள மகப்பேற்று மருத்துவர் சங்கத்தினர் 2004 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும், யாரையும் பழிக்காமல், காரணம் அறியும் நோக்கோடு ஆராய்ந்து வருகின்றனர். மாய்ந்த தாய்க்குக் கல் நட்ட சமுதாயம், இன்று அவள் மரணத்திலிருந்து பாடம் எழுதுகிறது.

மறுபுறமும் சொல்ல வேண்டும். 2019–21-ஆம் ஆண்டுக் குடும்ப நல ஆய்வில், கேரளத்தில் நூற்றுக்கு 38.9 பேறும் தமிழ்நாட்டில் 44.9 பேறும் அறுவையாகவே நிகழ்ந்தன. வழியடைத்த பேற்றுக்கு உயிர் தரும் கத்தி, வழி திறந்திருக்கும்போதும் எளிதாக எடுக்கப்படுகிறதோ என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அக்கேள்வியைக் காரணமாக்கிச் சிலர் பேற்றைத் துணையின்றி வீட்டிலேயே நிகழ்த்த முற்படுவது, சுமைதாங்கி நட்ட காலத்துக்குத் திரும்புவதாகும். குறுக்கே கிடக்கும் மகவை நம்பிக்கையாலும் துணிவாலும் மட்டும் பிறப்பிக்க இயலாது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு. ஏழு மாதம் தில்லியிலோ மும்பையிலோ பார்த்த மருத்துவர் வேறு. பேறு பார்க்கும் ஊரின் மருத்துவர் வேறு. பெண் இரயிலேறும்போது மஞ்சள் குங்குமத்தோடு, தாய்–சேய் நல அட்டையும் ஸ்கேன் தாள்களும் அவள் பையில் ஏற வேண்டும். முப்பத்தாறாம் வாரத்தை ஒட்டி, "குழந்தையின் தலை எப்பக்கம் இருக்கிறது?" என்று ஒரு முறை கேட்டறிய வேண்டும். அந்நாளில் அறிந்தால், தக்க மருத்துவர் வயிற்றின் மேலிருந்தே கையால் திருப்பிவிடவும் கூடும். இயலாவிடில் அறுவைக்கூடம் உள்ள இடத்தை முன்னதாகவே தேர்ந்துகொள்ளலாம். வலி கண்ட பின், பனிக்குடம் உடைந்த பின் அறிந்தால் அவ்வழிகள் பலவும் அடைபட்டிருக்கும். மாதந்தோறும் 9-ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் கருவுற்ற பெண்களை மருத்துவர் இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டம் 2016 முதல் நாடெங்கும் உள்ளது. மொழி தெரியவில்லை என்று தயங்கி நிற்கும் தமிழ்ப் பெண்ணோடு, மொழி தெரிந்த தமிழர் ஒருவர் உடன் செல்வது சிறந்த தொண்டாகும்.

நாம் வேற்றூரில் இருப்பதுபோல், பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வங்காளத்தவரும் ஒடியரும் பீகாரிகளும் இன்று வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பெண்களும் அங்கே பிள்ளை பெறுகிறார்கள். தலை எப்பக்கம் என்று அவர்களுக்காகவும் யாராவது கேட்க வேண்டும்; அவர்கள் மொழியில் விடை சொல்லவும் வேண்டும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட ஓர் அறிவு, நல்லேப்பிள்ளி போன்ற ஊர்களின் பின்கட்டை அடைய இத்தனை காலம் எடுத்துக்கொண்டது. அடைந்த அவ்வறிவு இனி எந்தப் பெண்ணின் வாசலிலும் மொழிக்காகவோ, சாதிக்காகவோ, எல்லைக்காகவோ காத்து நிற்கலாகாது.